மஞ்சள் குழாயும் கைப்பேசியும்

மலேசியாவில் வெளிநாட்டு வண்டிகளுக்கு மானிய ரோன்95 பெட்ரோல் விற்கக் கூடாது என்ற தடை 2010 முதலே இருக்கிறது. ஆனாலும் ஜொகூர் பாரு எண்ணெய் நிலையங்களில் சிங்கப்பூர் கார் ரோன்95க்கான மஞ்சள் குழாயைச் செருகிக்கொண்டு நிற்கும் காணொலிகள் ஓய்ந்தபாடில்லை. எண்பலகையில் ஓரெழுத்தை டேப் ஒட்டி மறைக்கும் சாமர்த்தியசாலிகளும் உண்டு. யாரோ படமெடுத்து முகநூலில் போடுகிறார்; ஊரே திட்டித் தீர்த்த பிறகுதான் பல வேளைகளில் அதிகாரிகள் வருகிறார்கள்.

திட்டுவதில் நியாயம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 30இல் புடி95 மானியத் திட்டம் தொடங்கியபோது, மைகாட் காட்டும் குடிமக்களுக்கு லிட்டர் 1.99 ரிங்கிட், மானியமில்லா விலை 2.60. இடையிலிருந்த 61 சென் நம் வரிப்பணம். அதற்குச் சம்பளமில்லாக் காவலர்கள், கைப்பேசியும் கையுமாக நின்று படமெடுக்கும் இவர்களே.

இவர்கள் பதிவிடுவது சமூக ஊடகத்தில்; அதற்கான சட்டங்களை இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 80 லட்சம் அல்லது அதற்கு மேற்பட்ட பயனர் உள்ள தளங்களுக்கு 2025 ஜனவரி முதல் உரிமம் கட்டாயம். 2026 ஜனவரியில் நடப்புக்கு வந்த இணையப் பாதுகாப்புச் சட்டம், கடமை தவறும் நிறுவனத்துக்கு 1 கோடி ரிங்கிட் வரை அபராதம் விதிக்கிறது. இரண்டையும் வரவேற்கிறேன். 2024 ஜூலையில், டிக்டாக்கில் அறியப்பட்ட நம் தமிழ்ப் பெண் ஒருவர் வசைக்கும் மிரட்டலுக்கும் ஆளாகி உயிரை மாய்த்துக்கொண்டார். அவரைச் சீண்டியதை ஒப்புக்கொண்ட ஒருவருக்கு நீதிமன்றத்தில் கிடைத்தது 100 ரிங்கிட் அபராதம். அதனால் எழுந்த கோபம்தான் குற்றவியல் சட்டத்தையே திருத்த வைத்தது.

எனக்கு உறுத்துவது தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவு. அது நிறுவனத்தை அல்ல, பதிவிட்டவரைப் பிடிக்கிறது. 50,000 ரிங்கிட்டாக இருந்த அதன் உச்ச அபராதம் 2025இல் 5 லட்சமானது. படத்தால் கடுப்பான எவரும் போலீஸ் புகார் கொடுக்கலாம். வழக்கு நிற்குமா என்பது பிறகு. விசாரணைக்கென்று படமெடுத்தவரின் கைப்பேசி போய்விட்டால், மறுமுறை அவர் படமெடுப்பாரா?

மோசடி விளம்பரத்தையும் பகடிவதையையும் உடனே நீக்கட்டும், தாமதம் வேண்டாம். பொதுப்பணம் பற்றிய பதிவை நீக்கச் சொல்லும்போது மட்டும் தொடர்பு, பல்லூடக ஆணையம் முதலில் நீதிமன்றம் போகட்டும். அப்படி எத்தனை பதிவுகளை, யார் கேட்டு நீக்கினார்கள் என்ற கணக்கு ஆண்டுதோறும் மக்களவை மேசைக்கு வரட்டும்.