விளைச்சல் பணத்துக்கும் வேலி வேண்டும்

சேர்வராயன் மலையில் மஞ்சக்குட்டைப் பகுதிக் காப்பி விவசாயிகளுக்குத் தண்டுத் துளைப்பானைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெளியே தெரியாமல் உள்ளே புகுந்து செடியையே சாய்த்துவிடும் வண்டு அது. வங்கிக் கணக்குக்கும் இன்று அப்படியொரு துளைப்பான் வந்துள்ளது. அது புகும் வழி, சட்டைப் பையிலுள்ள செல்போன்.

சேலம் செல்லும் பேருந்து நெரிசலில் செல்போன் களவு போனால், கருவியோடு காப்பி, மிளகு விற்ற பணமும் போகக்கூடும். திரையைப் பூட்டி வைத்தால் போதும் எனப் பலர் எண்ணுகின்றனர். அது போதாது. திருடன் சிம் கார்டைக் கழற்றி வேறு போனில் போட்டால், வங்கி அனுப்பும் ஓ.டி.பி. எண் அவனுக்கே வந்து சேரும். எனவே சிம் கார்டுக்கும் தனி ரகசிய எண் இடுதல் அவசியம். மூன்று முறை தவறாகப் போட்டால் சிம் முடங்கிவிடும். ஆகையால் முதல் முறை இடும்போது, சிம் வாங்கிய நிறுவனத்தின் கடையிலேயே செய்துகொள்வது நல்லது.

திருடன் நேரில் வரவேண்டும் என்பதும் இல்லை. பி.எம். கிசான் உதவித்தொகையின் பெயரில் வாட்ஸ்அப்பில் பரவிய போலிச் செயலி குறித்து, 2024இல் தமிழ்நாடு காவல்துறையின் இணையவழிக் குற்றப்பிரிவு எச்சரித்தது. அதைப் பதிவிறக்கினால் போனுக்கு வரும் குறுஞ்செய்திகள் அனைத்தும் திருடனுக்குத் தெரிந்துவிடும். ஆண்டுக்கு 6,000 ரூபாய் உதவிக்கு ஆசைப்பட்டு, ஆண்டு வருமானத்தையே இழக்க நேரும்.

விவசாயிகள் இரண்டு கணக்குகள் வைத்துக்கொள்வது சாலச் சிறந்தது. விளைச்சல் பணம் சேரும் கணக்கை யு.பி.ஐ. செயலியில் இணைக்கவே கூடாது. கைச்செலவுக்கான சிறு தொகையை மட்டும் இணைத்த கணக்கில் வைக்கலாம். விதைநெல்லையும் சாப்பாட்டு நெல்லையும் ஒரே குதிரில் கொட்டி வைப்பார் உண்டா?

போனின் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண், வங்கிக் கிளையின் தொலைபேசி எண், சிம் நிறுவனத்தின் உதவி எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வீட்டில் வைக்க வேண்டும். போன் தொலைந்தால் பிறர் போனிலிருந்து உடனே வங்கிக்குச் சொல்லிக் கணக்கை நிறுத்தி, சிம்மையும் முடக்க வேண்டும். பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். பணம் கைமாறுவதற்குள் தடுக்க வாய்ப்புண்டு. பின்னர் காவல் நிலையத்தில் புகார் அளித்து, அந்த நகலைக் கொண்டு சஞ்சார் சாத்தி இணையதளம் வழியே போனையும் முடக்கலாம்.

இவ்வளவையும் விவசாயியே தேடிக் கற்கட்டும் என விட்டுவிடுவது முறையன்று. பணத்தைக் கணக்கில் போடுவதில் காட்டும் அக்கறையை, அதைக் காப்பதிலும் காட்ட வேண்டும். பூச்சி மேலாண்மைக்கு மலைக்கிராமங்களில் பயிற்சி நடத்தும் துறைகள், அதே கூட்டத்தில் அரைமணி நேரம் ஒதுக்கி, ஒவ்வொருவர் போனிலும் சிம் பூட்டை இட்டுக் காட்டலாம். காப்பி அறுவடைக்கு முன்பே இதைச் செய்வது உத்தமம்.