ஊசிமுனைப் பக்தி

இசைத்தட்டுக்கு மறுபடியும் யோகம் பிறந்திருக்கிறது. ஒரு காலத்தில் பரணில் கிடந்து, பிறகு பழைய சாமான்காரனுக்கு எடைக்குப் போன அதே தட்டுகளை இன்று புதிதாக அச்சிட்டு விற்கிறார்கள். மூவாயிரமும் நாலாயிரமும் கொடுத்து வாங்குகிறார்கள். வாங்கட்டும். பணம் அவர்களுடையது, காதும் அவர்களுடையது. ஆனால் வாங்கிய கையோடு, "கம்ப்யூட்டரில் வருவது சங்கீதமே அல்ல" என்று ஊராருக்கு உபதேசம் செய்யக் கிளம்பிவிடுகிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

செண்பகனூரில் இந்த உபதேசம் எனக்கு அடிக்கடி கிடைக்கிறது. நல்ல ரசிகரான நண்பர் ஒருவர் சொன்னார்: "ஐயா, இங்கே கல்லூரி மியூசியத்தில் பறவைகளைப் பாடம் செய்து வைத்திருக்கிறார்களே, டிஜிட்டல் சங்கீதமும் அதைப் போலத்தான். இறகு இருக்கிறது, அலகு இருக்கிறது, உயிர் இல்லை!"

உவமை அழகானதுதான். சேசு சபையார் 1895-இல் தொடங்கிய திருஇருதயக் கல்லூரியின் அருங்காட்சியகத்தைப் பார்த்தவர்கள் நன்றாகவே ரசிப்பார்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். இசைத்தட்டு மட்டும் என்ன, கிளையில் உட்கார்ந்து கூவுகிற குயிலா? அதுவும் பாடம் செய்த பறவைதான். உயிருள்ள பறவை கச்சேரி மேடையோடு பறந்துபோய்விட்டது. நம் கையில் இருக்கிற இரண்டுமே நகல்கள். எந்த நகல் மூலத்துக்கு அதிக விசுவாசமானது என்பதுதான் கேள்வி.

டிஜிட்டலின் மீது சாட்டப்படும் முதல் குற்றம், அது ஒலியைத் துண்டு துண்டாக்குகிறது என்பது. 1982-இல் வந்த காம்பாக்ட் டிஸ்க், ஒலியை வினாடிக்கு 44,100 முறை அளந்து எண்களாக எழுதி வைக்கிறது. "இரண்டு அளவுகளுக்கு நடுவே இருப்பது தொலைந்துபோகிறதே! நம் கமகத்தின் நெளிவெல்லாம் அங்கேதானே இருக்கிறது?" என்கிறார் நண்பர். கேட்க நியாயமாகத்தான் தோன்றும். கணிதம் அப்படிச் சொல்லவில்லை. ஓர் ஒலியில் உள்ள மிக வேகமான அதிர்வைப்போல் இரு மடங்குக்கு மேற்பட்ட தடவை அளந்துவிட்டால், அந்தப் புள்ளிகளின் வழியே செல்லக்கூடிய அலை ஒன்றே ஒன்றுதான். நடுவில் இருப்பது தொலைவதில்லை. அப்படியே மீண்டு வந்துவிடும். க்ளாட் ஷானன் 1949-இல் இதை நிரூபித்து எழுதினார். மனிதச் செவிக்கு எட்டுவதோ வினாடிக்குச் சுமார் 20,000 அதிர்வுகள் வரைதான். நம் வித்வான்களின் கம்பிதம் வினாடிக்குச் சில அசைவுகளே. குருவி தப்ப முடியாத வலையில் யானை நழுவிப்போயிற்று என்றால் நம்புவீர்களா?

தட்டின் யோக்கியதையையும் கொஞ்சம் பார்ப்போம். 1948-இல் வெளிவந்த லாங்-பிளே தட்டு, ஊசி எங்கே இருந்தாலும் நிமிஷத்துக்கு 33⅓ சுற்றுத்தான் சுற்றும். வெளி ஓரத்தில் ஒரு சுற்றுக்குக் கிடைக்கிற பாதையில் பாதிகூட, பக்கம் முடிகிற உள்வட்டத்தில் கிடைப்பதில்லை. நுட்பமான ஒலிகள் அங்கே நெருக்கியடித்துக்கொண்டு கரகரக்கின்றன. கனத்த ஒலிகளை உள்ளபடி வெட்டினால் பள்ளம் அகன்றுவிடும்; ஆகவே குறைத்து வெட்டி, ஆம்ப்ளிஃபையரில் மறுபடி கூட்டுகிறார்கள். இவற்றோடு தூசியின் படபடப்பையும் ஊசியின் இரைச்சலையும் சேர்த்து, வந்த கூட்டுத்தொகைக்குக் 'கதகதப்பு' என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். மலைக்குளிருக்குக் கதகதப்பு வேண்டியதுதான். அதற்குக் கணப்பு இருக்கிறது.

2022-இல் அமெரிக்காவில் ஒரு வேடிக்கை நடந்தது. மொபைல் ஃபிடெலிட்டி என்ற கம்பெனியின் விலையுயர்ந்த தட்டுகளை, டிஜிட்டல் தீட்டுப் படாதவை என்று நம்பி ரசிகர்கள் கொண்டாடி வந்தார்கள். அவற்றில் பல, ஆண்டுக்கணக்காக டிஜிட்டல் வழியாகவே தயாரானவை என்ற உண்மை அந்த ஆண்டு வெளியாயிற்று. கோபம் வந்தது, வழக்கும் வந்தது. ஆனால் வழக்குப் போட்டவர்கள் காதால் கேட்டுக் கண்டுபிடித்துப் போடவில்லை. செய்தி கேட்டுத்தான் போட்டார்கள்.

நண்பர் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். எல்லா ஒலியையும் ஒரே உச்சத்தில் அலறவிட்டுத் தயாரித்த காம்பாக்ட் டிஸ்குகள் 1990-களிலிருந்து ஏராளம். அவற்றைவிடப் பழைய தட்டு இனிமையாகவே இருக்கும். கைபேசியின் நகத்தளவு ஒலிபெருக்கியில், பல்லவி முடிவதற்குள் அடுத்த பாட்டுக்குத் தாவுகிறவர்களைப் பார்த்து அவர் வருந்துவதும் சரிதான். ஆனால் இவை மனிதன் செய்யும் குற்றங்கள். எண்கள் செய்தவை அல்ல. தட்டைத் துடைத்து வைத்துவிட்டு இருபது நிமிஷம் அசையாமல் உட்கார்ந்து கேட்கிறார் அல்லவா, அந்த நிதானம் அவருடையது. கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தும் அப்படிக் கேட்கலாம். வேண்டாம் என்று யாரும் தடுக்கவில்லை.

இது வெறும் ரசனைத் தகராறாக இருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். இந்தப் பக்தியால் நஷ்டம் ஒன்று நேர்கிறது. எஸ்.ஜி. கிட்டப்பா 1933-இல், இளவயதிலேயே மறைந்தார். அவர் குரல் மிஞ்சியிருப்பது நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் அரக்குத் தட்டுகளால்தான். அத்தகைய தட்டு கை தவறினால் உடையும். ஊசி படும்போதெல்லாம் கொஞ்சம் தேயும். இந்த மலையின் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். 'அசல், அசல்' என்று அதைப் பூட்டி வைத்துப் பூஜை செய்கிறவர், பூட்டிய பெட்டிக்குள்ளேயே குரலைச் சாகவிடுகிறார்.

செண்பகனூரிலிருந்து மேலே ஏறினால் கொடைக்கானல் வான் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஜான் எவர்ஷெட் 1909-இல் சூரியப் புள்ளிகளில் வாயு ஓடும் விதத்தைக் கண்டறிந்த இடம் அது. அங்கே நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சூரியனைப் படமெடுத்துச் சேர்த்த கண்ணாடித் தகடுகளையும் ஃபிலிம்களையும் எண்களாக மாற்றி, உலகத்து விஞ்ஞானிகளுக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள். எண்ணாக மாறியதால் சூரியன் குளிர்ந்துபோயிற்று என்று ஒருவரும் புகார் சொல்லவில்லை. தகடுகளையும் யாரும் தூக்கி எறியவில்லை.

வீட்டுப் பரணில் தாத்தாவின் தட்டுகள் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மெத்தென்ற துணியால் தூசியை நீக்குங்கள். அரக்குத் தட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிடாதீர்கள். அரக்கு அதில் கரைந்துபோகும். 78-க்கு உரிய அகன்ற ஊசியைக் கொண்டு ஒரு முறை ஓடவிட்டு, சுருக்காமல் முழு ஒலியாகக் கம்ப்யூட்டரில் ஏற்றுங்கள். ஒன்றுக்கு மூன்று பிரதியாக வேறு வேறு இடங்களில் வையுங்கள். கேட்க விரும்புகிறவர்களுக்கும் கொடுங்கள். பிறகு தட்டை வைத்து ஆராதிப்பதானால் ஆராதியுங்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை. நண்பரிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன். அவர் யோசிப்பதாகச் சொன்னார். அவர் யோசிக்கிற வரையில் பூஞ்சணம் காத்திருக்காது.