கொதிகலன் குழாயில் ஒட்டும் சாம்பல்

அனல்மின் நிலையக் கொதிகலனில் பொடித்த நிலக்கரி எரிந்து மிஞ்சும் சாம்பலில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு உலையின் அடியில் விழுவதில்லை. புகைவாயுவோடு பறந்து போகிறது. போகிற வழியெல்லாம் நீரும் நீராவியும் ஓடும் எஃகுக் குழாய்கள். பறக்கும் சாம்பலில் சிறு பகுதி அவற்றின்மேல் ஒட்டிக்கொள்கிறது.

குழாயைத் துகள் எப்படி அடைகிறது என்பதை அதன் அளவே தீர்மானிக்கிறது. சுமார் 10 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்கள், வாயு குழாயைச் சுற்றி வளையும்போது கூடவே வளைய முடியாமல் நேரே போய் மோதுகின்றன. ஒரு மைக்ரானுக்கும் சிறியவை வாயுவோடு எளிதில் வளைந்துவிடும். ஆனாலும் அவை தப்புவதில்லை. துகளின் சூடான பக்கத்தை வாயு மூலக்கூறுகள் வலுவாகவும், குழாயைப் பார்த்த பக்கத்தை மெதுவாகவும் இடிப்பதால், அது குளிர்ந்த குழாயை நோக்கித் தள்ளப்படுகிறது. இதுபோக, தீயில் ஆவியான சோடியம், பொட்டாசியம் உப்புகளும் குழாயின்மேல் குளிர்ந்து படிகின்றன.

ஆகவே முதல் படலம் நுண்பொடியாலும் உப்பாலும் ஆனது. வெறும் எஃகில் மோதினால் தெறித்து ஓடும் பெரிய துகள், இந்தப் படலத்தில் மோதினால் நின்றுவிடுகிறது. பொடிப் படலத்தின் வெப்பம் கடத்தும் திறன் எஃகினுடையதில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்களவே. எனவே படலம் தடிக்கத் தடிக்க அதன் வெளிமுகம் புகைவாயுவின் சூட்டை நெருங்குகிறது. வெப்ப வேறுபாடு குறைந்து நுண்துகள்களின் வரத்து தளர்கிறது. ஆனால் அந்தச் சூட்டில் இளகிய மேற்பரப்பு பெரிய துகள்களைப் பிடித்துக்கொள்கிறது. நாளடைவில் பொடி ஒன்றோடொன்று இணைந்து கட்டியாக இறுகுகிறது. இந்தக் கட்டிதான் ஆலைப் பேச்சில் 'கிளிங்கர்'.

படிவின் தொல்லையைச் சாம்பலின் அளவு மட்டும் முடிவு செய்வதில்லை. இந்திய நிலக்கரியில் பெரும்பாலும் 30 முதல் 45 சதவீதம் சாம்பல் உண்டு. ஆனால் சிலிக்காவும் அலுமினாவும் மிகுந்த அந்தச் சாம்பல் எளிதில் உருகாது. குழாயைத் தேய்ப்பதே அதன் பெரிய குறை. அமெரிக்காவின் வடக்கு டகோட்டா பழுப்பு நிலக்கரியில் சாம்பல் குறைவுதான். ஆனால் அதிலுள்ள சோடியம் படிவை இறுக்கிவிடுகிறது. வைக்கோல் போன்ற எரிபொருள்களில் அந்த வேலையைப் பொட்டாசியமும் குளோரினும் செய்கின்றன.

படிவு மூடினால் குழாய் வாங்காத வெப்பம் புகைபோக்கி வழியே போகிறது. வெளியேறும் வாயுவின் சூடு 20 டிகிரி செல்சியஸ் கூடினால் கொதிகலனின் திறன் சுமார் ஒரு சதவீதம் குறையும் என்பது பொறியாளர்களின் கணக்கு. குழாய்களின் இடைவெளி அடைபடுவதால் புகையை இழுக்கும் விசிறிக்குச் சுமை ஏறுகிறது. மீந்த சந்தில் வாயு வேகமெடுத்துக் குழாயைத் தேய்க்கிறது. படிவின் அடியில் உருகும் உப்பு எஃகை அரிக்கிறது.

தடுப்பு வடிவமைப்பிலேயே தொடங்குகிறது: நெருக்கமான குழாய் அடுக்குகளை அடையுமுன் வாயுவின் சூடு சாம்பல் இளகும் அளவுக்குக் கீழே இறங்கும்படி உலையைப் பெரிதாகக் கட்டுகிறார்கள். ஓடும் கொதிகலனில் சூட் புளோயர் என்னும் கருவி நீராவியையோ அழுத்தக் காற்றையோ பீய்ச்சிப் படிவை உதிர்க்கிறது. அளவுக்கு மீறி வீசினால் நீராவி வீணாகும், குழாயும் தேயும்; தாமதித்தால் இறுகிய கட்டி அசையாது. அப்படி இறுகியதைப் பெரும்பாலும் கொதிகலனை நிறுத்தித்தான் அகற்ற வேண்டிவரும்.