அம்மாவின் எண்ணுக்கு மாதம் 10 வெள்ளி

ஞாயிற்றுக்கிழமை நாளிதழைக் கையில் எடுத்ததும் பல வீடுகளில் முதலில் திருப்புவது நினைவஞ்சலிப் பக்கத்தைத்தான். தெரிந்த முகம் ஏதாவது இருக்கிறதா என்று ஒரு பார்வை. முதலாம் ஆண்டு, ஐந்தாம் ஆண்டு, இருபதாம் ஆண்டு என்று வரிசையாகப் படங்கள். கீழே தோற்றம், மறைவு, பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகளின் பெயர்கள்.

இந்த வழக்கத்தை நான் குறைவாக நினைப்பதில்லை. ஒருவருடைய பெயரும் தேதியும் ஆண்டுதோறும் அச்சில் ஏறுவது சின்ன விஷயமல்ல. ஆனால் அந்தப் பக்கத்தை மூடும்போது ஒரு கேள்வி எழும். எல்லாரும் 'பாசமிகு தந்தை', எல்லாரும் 'அன்பும் பண்பும் நிறைந்த தாயார்'. அந்த அம்மா எப்படிச் சிரிப்பார், எதற்குக் கோபப்படுவார், யாரை எப்படிக் கூப்பிடுவார்? பத்து ஆண்டு கழித்து, அவரைப் பார்த்தே இராத பேரன் கேட்டால் என்ன பதில் சொல்வோம்?

நான் குடியிருக்கும் டத்தோ கிராமாட்டின் பெயரே ஒரு நினைவுதான். மலாயில் 'கெராமாட்' என்றால் புனிதராக மதிக்கப்பட்டவரின் அடக்கத்தலம். அரபியிலிருந்து வந்த சொல். நம் தமிழ் முஸ்லிம் அன்பர்கள் 'கராமத்து' என்று சொல்வதும் அதே வேர்தான். என்றோ மறைந்த ஒருவரின் நினைவைச் சொல்லித்தான் நாங்கள் தினமும் கிராப் கூப்பிடுகிறோம்.

பக்கத்திலேயே ஜாலான் பி.ரம்லி இருக்கிறது. முன்பு அதன் பெயர் கவுன்டர் ஹால் சாலை. அந்தச் சாலையில் உள்ள ஒரு சாதாரண கம்போங் மரவீட்டில்தான் 1929 மார்ச் 22-இல் பி.ரம்லி பிறந்தார். 1926-இல் அவருடைய தந்தை தம் உறவினரோடு சேர்ந்து கட்டிய வீடு அது. நடிகர், பாடகர், இசையமைப்பாளர், இயக்குநர் என்று இந்த நாடே கொண்டாடும் அந்தக் கலைஞரை, 1950-இல் வந்த 'பக்தி' படத்தில் முதன்முதலாகக் கதாநாயகனாக்கியவர் எல்.கிருஷ்ணன் என்ற நம்மவர்.

ரம்லி 1973 மே 29-இல், 44 வயதில் மாரடைப்பால் காலமானார். கடைசி ஆண்டுகளில் அவருக்கு வாய்ப்புகள் வற்றிப்போயிருந்தன. 'டான் ஸ்ரீ' பட்டம் வந்தது 1990-இல், அவர் போய் 17 ஆண்டுகள் கழித்து. பட்டம் அவருடைய பெருமையைச் சொல்கிறது. ஆனால் அவர் யார் என்பதை எனக்குச் சொன்னது அந்த வீடுதான். இவ்வளவு சின்ன வீட்டிலிருந்தா இவ்வளவு பெரிய குரல் கிளம்பியது என்று அங்கே நிற்கும்போது புரிகிறது. தேசிய ஆவணக் காப்பகம் பராமரிக்காமல் விட்டிருந்தால், அந்த மரவீடு இன்று ஒரு கார் நிறுத்துமிடமாக மாறியிருக்கும்.

பி.ரம்லிக்கு ஒரு நாடு இருந்தது. நம் சொந்தங்களுக்கு நம்மை விட்டால் யார் இருக்கிறார்கள்?

எழுதி வைக்க ஆளில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் இனத்திலேயே பெரிய சான்று உண்டு. சயாம் மரண ரயில். சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர்கள் போட்ட 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. அதில் வேலை செய்த போர்க்கைதிகளில் 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் சுமார் 90,000 பேர் என்பது ஒரு மதிப்பீடு. அவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஏராளம்.

காஞ்சனபுரி போர்க் கல்லறையில் ஏறக்குறைய 7,000 போர்க்கைதிகள் அடங்கியிருக்கிறார்கள். வரிசை வரிசையாகக் கற்கள். பெயர், படைப்பிரிவு, வயது என்று செதுக்கியிருக்கிறது. நம் தாத்தாக்களுக்கு அப்படி ஒரு வரிசை இல்லை. போர்க்கைதிகளுக்குப் படையின் பதிவேடு இருந்தது. தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்றப்பட்டவருக்கு அதுகூட இல்லை. பெயர் அவருடைய மனைவி மக்களின் வாயில் மட்டும் இருந்தது. அந்தத் தலைமுறை போனதும் பெயரும் போனது. 2023-இல்தான் காஞ்சனபுரியில் அவர்களுக்கென்று ஒரு நடுகல் எழுந்தது. 80 ஆண்டுகள் தாமதம். ஆனாலும் எழுந்ததே!

நடுகல் நமக்குப் புதிதல்ல. 2006-இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த நடுகற்கள் 2,000 ஆண்டுகளுக்கும் மேல் பழமையானவை. அதில் ஒரு கல், கூடல் ஊரில் நடந்த ஆகோள் பூசலில் மாண்ட அந்தவன் என்ற ஒருவனைக் குறிக்கிறது. மாடு பிடிக்கும் சண்டையில் இறந்தவன். அரசனில்லை, புலவனில்லை. பெயர், ஊர், நடந்த சம்பவம் என்று மூன்றே செய்திகள். 'வீரமிகு' என்ற அடைமொழிகூட இல்லாமல் இன்று வரை நிற்கிறான்.

இனி எங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

அம்மா காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அப்பாவுக்கு 74 வயது. அவர் இன்னமும் மாதாமாதம் அம்மாவின் பிரிபெய்ட் எண்ணுக்கு 10 வெள்ளி டாப்-அப் செய்கிறார். தம்பிக்கு இது பிடிக்கவில்லை. "போனவங்க நம்பருக்கு எதுக்குப்பா காசு?" என்று ஒருநாள் கேட்டுவிட்டான். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "நம்பரை விட்டுட்டா வேற யாருக்காச்சும் குடுத்துடுவாங்கம்மா. நான் ஒருநாள் தெரியாம அடிச்சு, யாரோ ஒருத்தர் ஹலோன்னு சொன்னா நான் என்னம்மா பண்றது?"

தம்பி அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆனால் எனக்கு வேறு கவலை பிடித்துக்கொண்டது. டாப்-அப் எண்ணைத்தான் காக்கும், குரலைக் காக்காது. புலனத்தில் 120 நாள் பயன்பாடு இல்லையென்றால் கணக்கு பொதுவாக நீக்கப்பட்டுவிடும். அம்மா அனுப்பிய குரல் பதிவுகள் இருந்ததோ அப்பாவின் பழைய கைப்பேசியில். அது தண்ணீரில் ஒருமுறை விழுந்தால் போதும், எல்லாம் முடிந்தது.

ஒரு சனிக்கிழமை மூவரும் உட்கார்ந்து அவற்றைச் சேகரித்தோம். மொத்தம் 43 பதிவுகள். பெரும்பாலும் 20 விநாடிக்குள். "பாசார்ல கெம்போங் மீன் நல்லா இருக்கு, வாங்கவா?" "மழை வருது, துணிய எடு." ஒவ்வொன்றின் முடிவிலும் "கேட்டுச்சா?" என்று ஒரு கேள்வி. தத்துவம் ஒன்றும் இல்லை. ஆனால் சுவரில் மாலையோடு தொங்கும் படத்தைவிட, அந்தக் 'கேட்டுச்சா'வில்தான் அம்மா முழுசாக இருக்கிறார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கைப்பேசி இருந்தால், சில காரியங்களைத் தள்ளிப்போடாதீர்கள்.

புலனத்தில் உரையாடலைப் படங்கள், குரல் பதிவுகளோடு சேர்த்து வெளியே எடுத்துச் சேமிக்க வசதி இருக்கிறது. அதை இரண்டு இடங்களில் வையுங்கள். ஒன்று கணினியில், மற்றொன்று வேறொருவர் வீட்டில். ஒவ்வொரு கோப்புக்கும் தேதியும் ஒரு வரிக் குறிப்பும் எழுதுங்கள். படங்களுக்கும் அப்படியே. யார், எங்கே, எந்த ஆண்டு என்று எழுதாத படம் அடுத்த தலைமுறைக்கு யாரோ ஒருவரின் படம்தான்.

இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கூகல் கணக்குகளை நீக்கும் நடைமுறை 2023 டிசம்பரில் தொடங்கியது. மின்னஞ்சல், படங்கள் எல்லாம் அதோடு போய்விடலாம். உயிரோடு இருக்கும்போதே, தம் கணக்கு 3 முதல் 18 மாதம் வரை சும்மா கிடந்தால் யாருக்குத் தகவல் போக வேண்டும் என்று ஒருவர் குறித்து வைக்கலாம். முகநூலில் 2015 முதல் 'மரபுத் தொடர்பாளர்' ஒருவரை நியமிக்கலாம். ஐபோனில் அதே வசதி 2021 இறுதியில் வந்தது. அங்கே இறப்புச் சான்றிதழும், முன்கூட்டியே பகிர்ந்த ஒரு குறியீடும் தேவைப்படும். இளையோர் இதை அப்பா அம்மாவுக்கு மட்டுமல்ல, தங்களுக்கும் செய்துகொள்வது நல்லது. கேட்க அபசகுனமாகத் தோன்றலாம். காப்புறுதி எடுக்கும்போது நாம் அப்படி நினைப்பதில்லையே.

எல்லாவற்றையும் சேர்த்து வீட்டைக் காட்சியகமாக்கவும் வேண்டாம். அம்மாவின் சேலைகளில் நாங்கள் மூன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டோம். பொருள் அதிகமானால் அதைப் பார்க்கும் மனமே குறைந்துவிடுகிறது. இன்னொன்று, நல்லதை மட்டும் எழுதாதீர்கள். அம்மா கடன் கொடுத்தவரை மறக்க மாட்டார், வாங்கியவரை விடவும் மாட்டார். இதைச் சொன்னால்தான் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள், அப்போதுதான் அவர்களுக்குப் பாட்டி ஓர் ஆளாகத் தெரிகிறார்.

அப்பா இந்த மாதமும் டாப்-அப் செய்துவிட்டார். நான் அதைத் தடுப்பதாக இல்லை. அதற்குப் பதிலாக, வாரம் ஒரு கேள்வி அவரிடம் கேட்டுப் பதிவு செய்கிறேன். முதல் சம்பளம் எவ்வளவு? அம்மாவை முதலில் பார்த்தது எங்கே? தோட்டத்தில் பக்கத்து லயத்தில் யார் இருந்தார்கள்? தலைப்பு, மேசை, ஒலிவாங்கி ஒன்றும் வேண்டியதில்லை. கோப்பி குடிக்கும் நேரம் போதும். இன்று ஞாயிறு. உங்கள் வீட்டில் பெரியவர் ஒருவர் இருந்தால், கைப்பேசியில் பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு, அவர் தாத்தாவின் பெயரைக் கேளுங்கள்.