இடம் எங்கேயிருந்து வருது?

அண்ணைக்கு உயரம் ஆறடி இரண்டங்குலம். எங்கட வீட்டில் நிற்கிறது ஒரு பழைய லாண்ட்றோவர் டிஃபெண்டர் 90. பல வருசத்துக்கு முதல் அப்பா ஏலத்தில் எடுத்தது. வயலுக்குப் போகும், நெல்லு மூட்டை ஏத்தும், மாரியில் குளத்து வீதி வெள்ளத்தையும் தாண்டும். ஆனா அண்ணை அதுக்குள்ள ஏறி இருந்தால் முழங்கால் ஸ்ரியறிங்கில் முட்டும், முழங்கை கதவில் இடிக்கும். சீற்றைப் பின்னுக்குத் தள்ளலாம் எண்டால் பின்னால ஒரு தகரச் சுவர்.

டிஃபெண்டர் ஓடினவைக்கு இந்தச் சுவரைத் தெரியும். இரண்டு கதவு வண்டிகளில் முன் சீற்றுக்கு நேர் பின்னால், இந்தப் பக்கத்தில் இருந்து அந்தப் பக்கம் வரைக்கும், அரை உயரத்துக்கு நிற்கும். சீற்றைச் சாய்க்கவும் விடாது, பின்னுக்கு நகர்த்தவும் விடாது. அதை வெட்டி எடுக்கிறது உலகம் முழுக்க டிஃபெண்டர்காரர் செய்கிற வேலை. அண்ணையும் போன வருசம் செய்தார். கராஜில் ஒரு நாள் வேலை. சீற் நாலு அங்குலம் பின்னுக்குப் போனது. படம் எடுத்துப் போட்டார். "மச்சான், செம", "எவ்வளவு முடிஞ்சுது?" எண்டு பின்னூட்டம் குவிஞ்சது. நானும் லைக் போட்டன்.

ஒன்றைச் சொல்லி வைக்கவேணும். நான் வாகனம் மாற்றிறதுக்கு எதிரான ஆள் இல்லை. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தினது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. திறந்த பிறகும் வரியோட சேர்த்துப் பார்த்தால் புது வண்டி எங்கட கைக்கு எட்டாது. இருக்கிற பழசைத் திருத்தி, வெட்டி, ஒட்டித்தான் ஓடவேணும். அதில் ஒரு கெட்டித்தனமும் இருக்கு, சந்தோசமும் இருக்கு. என்ர கேள்வி வேற. அந்த நாலு அங்குலம் எங்கேயிருந்து வந்தது?

இந்த வண்டி ஏன் இப்பிடி நெருக்கமாக இருக்கு எண்டதுக்கு ஒரு கதை இருக்கு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இங்கிலாந்தில் உருக்குக்குப் பெரிய தட்டுப்பாடு. றோவர் கம்பனியின் மொறிஸ் வில்க்ஸ், தன்ர பண்ணை வேலைக்கு உதவுகிற மாதிரி ஒரு வண்டியை யோசிச்சார். உடம்பை அலுமினியக் கலவையில் செய்து, 1948 ஏப்ரலில் ஆம்ஸ்ரர்டாம் கண்காட்சியில் வெளியிட்டினம். அது ஒரு பண்ணை வண்டி. பின்பெட்டிக்கு முதலிடம், ஓட்டுநருக்கு மிஞ்சின இடம். அந்த உடம்பின் அடிப்படை பெரிசாக மாறாமல் 2016 ஜனவரி வரைக்கும் வந்தது. 90 எண்டு பேர் இருந்தாலும் அச்சுக்கும் அச்சுக்கும் இடையில் 2,360 மில்லிமீற்றர், அதாவது கிட்டத்தட்ட 93 அங்குலம். அவ்வளவுதான் மொத்தக் கணக்கு. முன்னுக்கு நாலு அங்குலம் கூடினால் பின்னுக்கு நாலு அங்குலம் குறையும். இடத்தை ஆரும் உண்டாக்கிறதில்லை, ஒருத்தரிட்ட இருந்து எடுத்து மற்றவருக்குக் குடுக்கிறம்.

எங்கட வீட்டில் ஆரிட்ட இருந்து எடுத்தது எண்டு எனக்கு வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போகேக்கதான் தெரிஞ்சது.

பரந்தனில் இருந்து முல்லைத்தீவு வீதி. அண்ணை ஓட, அப்பா முன்னுக்கு. பின்னால் பக்கவாட்டு வாங்கில் அம்மா, அம்மம்மா, நான், தம்பி. நடுவில் பானை, அரிசி, இருபது லீற்றர் தண்ணிக் கான். அம்மம்மாவுக்கு 74 வயசு. அவவை ஏன் முன்னுக்கு ஏத்தேல்லை எண்டு ஒருத்தரும் கேட்கேல்லை. நானும்தான் கேட்கேல்லை. அண்ணையின்ர சீற் பின்னுக்குச் சாய்ஞ்சு அவவின்ர முழங்காலில் முட்டிக்கொண்டிருந்தது. அவ ஒண்டும் சொல்லாமல் காலை ஒடுக்கிக்கொண்டு இருந்தா.

ஒரு இடத்தில் மாடு குறுக்க வந்தது. அண்ணை பிறேக்கை மிதிச்சார். கான் வழுக்கிப் போய் முன் சீற்றின் முதுகில் அடிச்சது. அம்மம்மா சரிஞ்சு, சுவர் இருந்த வெறும் இடத்துக்குள்ள கையை ஊண்டி விழுந்தா. மணிக்கட்டு சுளுக்கு, அவ்வளவுதான். பெரிசாக ஒண்டும் நடக்கேல்லை. கோயிலடியில் நான் எண்ணெய் பூசிவிடேக்க அவ சொன்னா: "முந்தி உந்தத் தகரத்தைப் பிடிச்சுக்கொண்டெல்லோ பிள்ளை இருக்கிறனான்."

எங்களுக்கு அது இடத்தை அடைக்கிற தகரம். அவவுக்கு அது பிடி. வெட்டுறதுக்கு முதல் எங்களில் ஒருத்தரும் அவவிட்டக் கேட்கேல்லை.

அந்தச் சுவர் செய்த வேலை அது மட்டுமில்லை. பின்பெட்டியின் இரண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடிக்கிறதும் அதுதான். அது இல்லாமல் கிடங்கு வீதியில் ஓடினால் உடம்பு நெளியத் தொடங்கும், பிறகு கதவு சரியாகப் பூட்டாது, மூலைகளில் வெடிப்பு வரும். அதனாலதான் சுவரை எடுக்கிறவை அந்த இடத்தில் குறுக்காக ஒரு இரும்புக் குழாயைப் போல்ற் போட்டு இறுக்குவினம். அண்ணை அதை "பிறகு பாப்பம்" எண்டு விட்டிட்டார். இன்னொரு விசயம்: இரும்பும் அலுமினியமும் நேராக முட்டிக்கொண்டிருந்தால், உப்புக் காத்தில் அலுமினியம் அரிச்சுப் போகும். முல்லைத்தீவு, மன்னார், தீவுப்பகுதிப் பக்கம் ஓடுற வண்டியெண்டால் இரண்டுக்கும் இடையில் றப்பரோ பெயின்ற்றோ கட்டாயம் வேணும்.

சாமான் தடுப்பும் அந்தச் சுவர்தான். மணிக்கு 50 கிலோமீற்றரில் போகிற வண்டி எதிலயும் மோதி அரை மீற்றருக்குள் நிண்டால், உள்ளே கட்டாமல் இருக்கிற எந்தப் பொருளும் தன் எடையைப் போல கிட்டத்தட்ட 20 மடங்கு விசையோட முன்னுக்குப் போகும். இருபது கிலோத் தண்ணிக் கான் அப்ப 400 கிலோ மாதிரி. எங்களுக்குக் குறுக்க வந்தது மாடு. லொறியாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை வேற மாதிரி எழுதியிருப்பன், அல்லது எழுதியே இருக்க மாட்டன்.

பக்கவாட்டு வாங்கைப் பற்றியும் சொல்லவேணும். 2007 மாதிரியில் கம்பனியே டிஃபெண்டரில் அந்த வாங்குகளை எடுத்துப்போட்டு, முன்னோக்கிய சீற்றுகளைப் பூட்டினது. அதால் 90 வண்டியில் நாலு பேருக்குத்தான் இடம் எண்டு ஆனது. நாங்கள் இன்னும் பழைய வாங்கில் ஆறு பேரை ஏத்திக்கொண்டு, பெல்ற் எண்டால் முன் சீற்றுக்காரரின்ர விசயம் எண்டு நினைச்சுக்கொண்டு திரியிறம். வண்டி மாற்றின படங்களைப் பாருங்கோ. புது சீற், புது ஸ்ரியறிங், பெரிய சவுண்ட் பெட்டி எல்லாம் இருக்கும். பின்னால் இருக்கிறவர் எதைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறார் எண்டு ஒரு படத்திலயும் இருக்காது.

அப்ப என்ன செய்யலாம்? வெட்டுறதுக்கு முதல் சின்ன வழிகள் இருக்கு. கொஞ்சம் சின்ன ஸ்ரியறிங் போட்டால் முழங்காலுக்கு இடம் வரும். சீற் மெத்தையின் தடிப்பைக் குறைக்கலாம். இருக்கிற இடத்துக்குள்ளயே சீற்றை இன்னும் கொஞ்சம் பின்னுக்கு விடுகிற நீள் தண்டவாளம் வாங்கலாம். சாமானையெல்லாம் கூரையில் ஏத்துவம் எண்டு மட்டும் நினைக்காதேங்கோ. ஏற்கெனவே உயரமான வண்டி, பாரம் மேல போகப் போக வளைவில் கவிழுகிற ஆபத்தும் கூடும்.

இதுக்குப் பிறகும் சுவரை எடுக்கத்தான் வேணும் எண்டால், குறுக்குக் குழாயை அண்டைக்கே பூட்டுங்கோ. சாமானைக் கட்டக் கொழுக்கி வையுங்கோ. பின்னால் ஆள் ஏறுற வண்டியெண்டால் முன்னோக்கிய சீற்றும் பெல்ற்றும் போடுங்கோ. சீற் எண்ணிக்கை மாறினால் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டுப் பதிவையும் சரிப்படுத்துங்கோ. விபத்து நடந்த பிறகு காப்புறுதிக்காரன் முதல் பார்க்கிறது அதைத்தான். எல்லாத்துக்கும் முதல், பின்னால் இருக்கிற ஆளிட்ட ஒரு சொல்லுக் கேளுங்கோ.

அண்ணை சுளுக்குக்கு அடுத்த கிழமையே குழாய் பூட்டினார். மூண்டு மாதம் காசு சேர்த்து, பின்னுக்கு பெல்ற்றோட இரண்டு சீற்றும் போட்டார். அதுக்கு இடம் விடவேண்டி வந்ததால் அவருடைய சீற் இரண்டு அங்குலம் முன்னுக்குத் திரும்பி வந்திட்டுது. "பரவாயில்லை, இரண்டு அங்குலம் மிச்சம்தானே" எண்டு சிரிக்கிறார்.

இப்ப அது நாலு பேர் வண்டி. இந்த வருசப் பொங்கலுக்கு அம்மம்மா முன் சீற்றில் போனா. நானும் தம்பியும் பஸ்ஸில் போனம். அதிலயும் கால் நீட்ட இடமில்லை.