செல்ப் ஏன் எடுக்கவில்லை?

பழைய பிக்அப் வண்டி வைத்திருக்கும் குடும்பத்துக்குத் தனிக் கடிகாரம் ஒன்று உண்டு. அது பின்னிரவு மூன்று மணிக்கு அடிக்கும். ஒட்டன்சத்திரத்துக் காய்கறிச் சந்தைக்கோ, மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கோ சரக்குப் புறப்பட வேண்டிய நேரம் அது. மல்லிகைக்குப் பொறுமை கிடையாது. விடியுமுன் போய்ச் சேர்ந்தால் ஒரு விலை. வெயில் ஏறிய பிறகு போனால் வேறொரு விலை. அத்தகைய நேரத்தில் சாவியைத் திருப்பினால், வண்டி 'டக்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மௌன விரதம் மேற்கொள்ளுகிறது.

உடனே வீட்டிலுள்ளவர்கள் எல்லோரும் இஞ்சினீயர்கள் ஆகிவிடுகிறார்கள். "பாட்டரி போய்விட்டது" என்கிறார் மாமா. "செல்ப் மோட்டார் எரிந்துவிட்டது" என்கிறார் அடுத்த வீட்டுக்காரர். "நேற்றே எலுமிச்சம்பழம் வைக்கச் சொன்னேனே" என்கிறாள் பாட்டி. மூவருக்குள்ளும் பாட்டியின் வைத்தியந்தான் செலவு குறைந்தது என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஏனெனில், மற்ற இருவர் பேச்சையும் கேட்டுப் புது பாட்டரியும் புது மோட்டாரும் வாங்கிப் பல ஆயிரம் ரூபாய் செலவழித்த பிறகு, குற்றம் துருப்பிடித்த எர்த் ஒயர் ஒன்றில்தான் இருந்தது என்று தெரியவருவது மிகவும் சாதாரணமான காரியம்.

மோட்டார் வண்டிகளின் ஆதி காலத்தில் இந்தத் தொல்லை கிடையாது. வேறு தொல்லை இருந்தது. இரும்புக் கைப்பிடியை முன்புறம் சொருகிச் சுற்ற வேண்டும். இஞ்சின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறியும். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்பவர் அமைத்த மின்சார ஸ்டார்ட்டர், 1912-ஆம் வருஷத்துக் காடிலாக் கார்களில் வந்த பிறகுதான் அந்தக் கஷ்டம் தீரத் தொடங்கியது. கை பிழைத்தது, ஆனால் அன்று முதல் நாம் மின்சாரத்தின் தயவை நாடியிருக்கிறோம். ஆகையால் அதன் குணத்தைச் சற்று அறிந்து வைத்திருப்பது குடும்பத்துக்கு நல்லது.

குணம் இதுதான். மின்சாரம் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வந்தே தீரவேண்டும். பாட்டரியின் பிளஸ் முனையிலிருந்து தடித்த ஒயர் வழியாகச் செல்ப் மோட்டாருக்குப் போகிறது. திரும்பி வர வேறு ஒயர் இல்லை; இஞ்சினின் இரும்பு உடல் வழியாகவே மைனஸ் முனைக்கு வருகிறது. இஞ்சினோ ரப்பர் மெத்தைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் மின்சாரம் பாயாது. எனவே இஞ்சினையும் சேஸிஸையும் பிணைக்கும் எர்த் பட்டையை நம்பித்தான் எல்லாம் நடக்கிறது. பழைய வண்டிகளில் எண்ணெயும் புழுதியும் மூடி, யார் கண்ணிலும் படாமல் அறுந்து கிடப்பதும் அதுவே. அது அறுந்தால் மின்சாரம் ஆக்ஸிலேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் முதலிய குறுக்கு வழிகளில் புகுந்து வரப் பார்க்கும். செல்ப் போடும்போது அந்தக் கேபிள்கள் சுட்டால், எர்த்தைச் சந்தேகிக்க வேறு சாட்சி வேண்டியதில்லை.

"விளக்கு நன்றாய் எரிகிறதே! பாட்டரியில் என்ன குறை?" என்று சிலர் கேட்பார்கள். முன் விளக்குகள் இரண்டும் சேர்ந்து சுமார் 10 ஆம்பியர் குடிக்கும். டீசல் இஞ்சினைச் சுழற்றும் செல்ப் மோட்டாருக்கோ 200 ஆம்பியரும் அதற்கு மேலும் வேண்டியிருக்கும். ஒரு முனையில் படிந்த பூஞ்சணம் ஓம் கணக்கில் நூற்றில் ஒரு பங்கு தடை செய்தால் போதும். 200 ஆம்பியர் பாயும்போது அங்கேயே 2 வோல்ட் பறிபோய்விடும். விளக்குக்கு அதே தடையில் நஷ்டம் ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்குதான். விளக்குப் பிரகாசிப்பதும் வண்டி கிளம்பாமலிருப்பதும் ஒருங்கே நிகழ்வது இதனால்தான்.

இனி, வண்டி சொல்லும் பாஷையைக் கவனிப்போம். முன் விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். விளக்கே எரியாவிட்டால், பாட்டரி முனைகளையும் மெயின் பியூஸையும் பாருங்கள். விளக்கு மங்காமல் எரிந்து, சத்தமும் வராவிட்டால், சாவி சுவிட்ச், ரிலே, ஸோலனாய்டுக்குப் போகும் சிறிய ஒயர் ஆகிய மூன்றில் ஒன்றில் குற்றம். 'டக்' என்ற ஒரே சத்தம், விளக்கும் மங்கவில்லை என்றால் ஸோலனாய்டின் உள்முனைகளோ மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷோ தேய்ந்திருக்கலாம். 'டக டக டக' என்று படபடத்து விளக்கு மங்கினால், பாட்டரி சோர்ந்திருக்கிறது அல்லது முனை தளர்ந்திருக்கிறது. இஞ்சின் சுறுசுறுப்பாய்ச் சுழன்றும் பற்றிக்கொள்ளாவிட்டால், பாட்டரியையும் மோட்டாரையும் நிரபராதிகள் என்று விடுதலை செய்துவிட வேண்டும். டீசல் குழாயில் காற்று புகுந்திருக்கலாம். அல்லது பம்பின் மேலுள்ள டீசல் நிறுத்தும் ஸோலனாய்டுக்கு மின்சாரம் வராமலிருக்கலாம். சாவி போட்டதும் அதில் 'டிக்' என்று கேட்க வேண்டும். ஹீட்டர் பிளக் உள்ள இஞ்சின்களில், கொடைக்கானல், உதகை போன்ற குளிர்ப் பிரதேசங்களில், அதையும் பார்க்க வேண்டும்.

காதால் கேட்டதைக் கண்ணால் ஊர்ஜிதம் செய்ய, சில நூறு ரூபாயில் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்று போதும். இராத்திரி முழுதும் ஓய்ந்திருந்த பாட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் பூரண பலம், 12.2 என்றால் பாதி பலம். 12-க்குக் கீழே போனால் பட்டினி. செல்ப் போடும்போது 9.6-க்குக் கீழே விழக்கூடாது. இஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். ஓடியும் 12.5-ஐத் தாண்டாவிட்டால், பாட்டரியை வையாதீர்கள். அதற்குச் சோறு போடும் ஆல்டர்னேட்டரையும், அதாவது மெக்கானிக்குகள் இன்றும் 'டைனமோ' என்றே அழைப்பதையும், அதன் பெல்ட்டையும் விசாரியுங்கள். எர்த்தைச் சோதிக்க, மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் மைனஸிலும் மற்றதை இஞ்சின் உடலிலும் வைத்துச் செல்ப் போடச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் உத்தமம். அரை வோல்ட்டைத் தாண்டினால் திருடன் அகப்பட்டுவிட்டான்.

நிறுத்திவைத்த வண்டியில் நாலு நாளைக்கொருமுறை பாட்டரி இறங்குகிறதா? எங்கேயோ ஒரு சிறு விளக்கு அணையாமல் எரிகிறது என்று கொள்ளலாம். 5 வாட் பல்பு ஒன்று, 75 ஆம்பியர்-மணி பாட்டரியை நாலு நாளில் பாதியாக்கிவிடும். எல்லாவற்றையும் அணைத்து, கதவுகளைச் சாத்தி, மைனஸ் ஒயரைக் கழற்றி, முனைக்கும் ஒயருக்கும் நடுவே ஒரு சோதனை பல்பைப் பிடியுங்கள். அது பிரகாசமாய் எரிந்தால், பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியதும் பல்பு அணைகிறதோ அந்த வழியில்தான் கசிவு. எதைப் பிடுங்கியும் அணையாவிட்டால் ஆல்டர்னேட்டரைச் சந்தேகிக்கலாம்.

இவ்வளவும் பணத்தைப் பற்றியது. உயிரைப் பற்றியும் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும். சார்ஜ் ஏறும் பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வருகிறது. ஒரு பீடி நெருப்பு போதும், பாட்டரி வெடித்து ஆசிட் முகத்தில் தெறிக்க. மோதிரத்தையும் இரும்புச் சங்கிலி கடிகாரத்தையும் கழற்றிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். கழற்றும்போது மைனஸ் முதலில். மாட்டும்போது மைனஸ் கடைசியில். பூஞ்சணத்தைச் சமையல் சோடா கரைத்த வெந்நீரால் கழுவித் துடைத்து, இறுக்கிய பின் வாஸலின் தடவலாம். தண்ணீர் குறைந்தால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டுமே விட வேண்டும்.

பியூஸ் போன இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றுகிற வழக்கம் ஒன்று இருக்கிறது. கோளாறு வந்தால் பியூஸ் எரிய வேண்டும். கம்பியைச் சுற்றினால் வண்டி எரியும். இஞ்சின் ஓடும்போது பாட்டரி ஒயரைக் கழற்றி டைனமோவைச் சோதிப்பதும் அப்படித்தான். அந்தக் கணத்தில் எழும்பும் வோல்ட்டேஜ் ஆல்டர்னேட்டரின் டயோடுகளைப் பாழாக்கிவிடும். வழியில் நின்றுபோனால் லாரிக்காரரிடம் கரண்ட் கேட்குமுன், அவர் வண்டி எத்தனை வோல்ட் என்று கேளுங்கள். பெரிய லாரிகள் பலவற்றில் 24 வோல்ட். பிக்அப் வண்டியிலோ 12. ஒரே வோல்ட் என்றால், பிளஸுக்குப் பிளஸ் சேர்த்து, கடைசி முனையைச் செத்த பாட்டரியில் மாட்டாமல், சற்றுத் தள்ளி இஞ்சினின் சுத்தமான இரும்பில் மாட்டுங்கள்.

படிப்பு வாசனையுள்ள குடும்பங்களுக்கு இவ்விஷயத்தில் ஒரு தனிச் சௌகரியம் உண்டு. பால் கணக்கு எழுதும் நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை வண்டிக்கு ஒதுக்கி, பாட்டரி வாங்கிய தேதியையும் மாதம் ஒருமுறை மீட்டர் காட்டும் வோல்ட்டையும் குறித்துவைக்கலாம். பள்ளிக்கூடத்துப் பையனோ பெண்ணோ செய்யக்கூடிய வேலை அது. 12.6 என்று இருந்தது 12.4 ஆகி, அடுத்த மாதம் 12.2 ஆனால், பின்னிரவு மூன்று மணிக்குத் தெரியவேண்டிய சமாசாரம் பத்து நாள் முன்னாலேயே பட்டப் பகலில் தெரிந்துவிடுகிறது. அடுத்த தடவை யாராவது வந்து, "பாட்டரி போய்விட்டது, புதிசு வாங்குங்கள்" என்றால், அவருக்குக் காப்பி கொடுத்து உபசரித்து, "எத்தனை வோல்ட் காட்டுகிறது?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். விஷயம் தெரிந்தவராயிருந்தால் மீட்டரை எடுப்பார். இல்லாவிட்டால், காப்பியோடு உங்கள் நஷ்டம் தீர்ந்தது.