குட்டிச் செல்லங்களைப் படம் எடுக்க எந்த மேக்ரோ லென்ஸ்?

மண்ணூர்பேட்டைக்காரர்களுக்கு வண்ண மீன் என்றால் பாடி தாண்டி கொளத்தூர்தான். அங்கே வாங்கிய ஃபைட்டர் மீனைத் தொட்டியில் விட்டதும் அடுத்து வரும் ஆசை, அதைக் கிட்டத்தில் படம் எடுப்பது. ஹாம்ஸ்டர், லவ் பேர்ட்ஸ் வளர்ப்பவர்களுக்கும் அதே ஆசைதான். யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்: "மேக்ரோ லென்ஸ் வாங்கு, 1:1 இருக்கணும்."

இந்த அறிவுரை பாதிதான் சரி. செல்லப்பிராணிக்கு லென்ஸ் தேடுபவர் முதலில் கேட்க வேண்டியது "எவ்வளவு பெரிதாகக் காட்டும்?" என்பதல்ல. "எவ்வளவு தள்ளி நின்று எடுக்கலாம்?" என்பதுதான்.

கணக்கைப் பாருங்கள். 1:1 என்றால் பொருளின் நிஜ அளவே சென்சாரில் விழும். நிக்கான் டி.எக்ஸ். கேமராக்களின் சென்சார் அகலம் ஏறக்குறைய 23.5 மி.மீ. அதாவது 1:1-ல் படத்துக்குள் அடங்குவதும் அந்த 23.5 மி.மீ. மட்டும்தான். 6 செ.மீ. நீள மீன் முழுசாக வர 0.4 மடங்கே போதும். 12 செ.மீ. ஹாம்ஸ்டருக்கு அதிலும் பாதி. மிச்சத் திறன் எல்லாம் கண்ணை மட்டும் எடுக்கத்தான். அங்கேயும் ஒரு சிக்கல். 1:1-ல் எஃப் 8 வைத்தாலும் ஃபோகஸ் ஆழம் ஒரு மி.மீ.கூட வராது. மூக்கை ஆட்டிக்கொண்டே இருக்கும் ஹாம்ஸ்டர் அதற்குள் நிற்குமா? :-)

இப்போது தூரம். நிக்கானின் 40 மி.மீ. மைக்ரோ லென்ஸ் 16.3 செ.மீ.யில் ஃபோகஸ் ஆகும், 105 மி.மீ. வி.ஆர். லென்ஸ் 31.4 செ.மீ.யில். ஆனால் இந்தத் தூரம் சென்சாரிலிருந்து அளக்கப்படுவது. நடுவில் கேமராவும் லென்ஸும் அடைத்துக்கொள்ளும் நீளத்தைக் கழித்தால், 40-க்கு முன்னால் மிஞ்சுவது சில சென்டிமீட்டர்தான். லென்ஸின் நிழலே வெளிச்சத்தை மறைக்கும். அதைவிட முக்கியம், முகத்துக்கு நேராக ஒரு கறுப்புக் குழாய் நெருங்கினால் குட்டி உயிர் மிரண்டு ஒளியும். போன் மேக்ரோவும் இப்படித்தான். 2021-ல் வந்த ஐபோன் 13 ப்ரோ 2 செ.மீ. வரை நெருங்கும். இலைக்குச் சரி, எலிக்குச் சரிவராது.

ஆகவே, வாங்குவதென்றால் 90 முதல் 105 மி.மீ. வரை உள்ளதை வாங்குங்கள். செகண்ட் ஹேண்டில் தேடுபவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். மோட்டார் இல்லாத பழைய நிக்கான் ஏ.எஃப். லென்ஸ்கள் டி3000, டி5000 வரிசை கேமராக்களில் தானாக ஃபோகஸ் ஆகாது. கையால் திருப்பத் தயார் என்றால் அது பெரிய குறையல்ல.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: லென்ஸே வேண்டுமா? கிட்டோடு வந்த 55-200 ஜூம் வீட்டில் இருந்தால், அதன் முன்னால் திருகும் +2 க்ளோஸ்-அப் ஃபில்டர் போதும். ஜூமை 200-ல், ஃபோகஸை முடிவிலியில் வைத்தால் 50 செ.மீ. தள்ளி நின்றே 0.4 மடங்கு கிடைக்கும். ஃபைட்டர் மீனுக்கு வேண்டிய அதே 0.4! ஒற்றைக் கண்ணாடி ஃபில்டரில் ஓரங்களில் கொஞ்சம் நிறம் பிரியும். இரட்டைக் கண்ணாடி வகையில் அது குறையும். காமர்ஸ் மாணவர்களுக்கு வாய்ப்புச் செலவு பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. பல ஆயிரம் ரூபாயை லென்ஸில் முடக்குவதற்குப் பதில் ஒரு பகுதியைப் பெரிய தொட்டிக்கும் நல்ல கூண்டுக்கும் செலவழிக்கலாம்.

மீதி வேலை வெளிச்சத்துடையது. ஹாம்ஸ்டருக்கும் பறவைக்கும் ஜன்னல் வெளிச்சம் போதும். மீன் தொட்டிக்கு விளக்கு மேலிருந்து வரட்டும், லென்ஸ் கண்ணாடிக்கு நேராக இருக்கட்டும். கண்ணுக்கு நேரே ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்.

ஹாம்ஸ்டர் ஓடி ஒளிந்தால் அன்றைக்கு அத்தோடு கேமராவை மூடி வையுங்கள். மிரண்ட பிராணியின் படம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அதில் தெரிவது பயம்தான்.